கறுப்புத் திரைக்குள் முப்பத்தொரு கோப்புகள்

ஜூன் 14, ஞாயிறு

வாசித்து முடித்துவிட்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள், முப்பத்தொரு ஒலிக்கோப்புகள், நாற்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தென்பாண்டிக் குளங்களின் மடைகள், உபரி நீர் வெளியேறும் மறுகால்கள், யார் எந்தக் கரையை உயர்த்தினார்கள் என்பது பற்றி இவ்வளவு தெரிந்த இன்னொரு பெண் இப்போது தென்காசியில் இருக்க முடியாது. யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்கப்போவதில்லை, நானாகச் சொல்கிறவளும் இல்லை.

ஒலிவாசகர் குழுவின் கூட்டம் வழக்கம்போல நடுநிலைப் பள்ளியின் நான்காம் வகுப்பறையில் நடந்தது. என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் ஜெபக்கனி அக்கா. விதைக் கம்பெனியின் பரிசோதனை அறையில் எனக்கு எதிர் மேசை. "மதியம் சோறு திங்கும்போதும் புஸ்தகத்தோடதான் உக்காருத. அதை வாய்விட்டு வாசிச்சா கண்ணு தெரியாத நாலு பேருக்குப் பிரயோசனப்படும்லா" என்றார் இரண்டு வருடத்துக்கு முன். குழுவுக்குச் சில விதிகள் உண்டு. பக்கம் மாறும்போது எண்ணைச் சொல்ல வேண்டும். படம் வந்தால் படத்தை விவரிக்க வேண்டும். புத்தகம் முழுதும் முடிந்து, வாசித்தவரே ஒருமுறை கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் கணினி வழியாக மெமரி கார்டில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். துண்டு துண்டாகக் கொடுத்த புத்தகங்கள் பாதியில் நின்றுபோன அனுபவத்தில் வந்த விதி அது.

இந்தப் புத்தகம் கோமதிசங்கருக்காக. டுடோரியலில் வரலாறு எடுக்கிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. எம்.ஏ.வில் எல்லாத் தாளும் தேறி, பாசன வரலாறு மட்டும் நிற்கிறது. போன முறை இந்தப் புத்தகம் இல்லாமலே எழுதி எட்டு மதிப்பெண்ணில் போயிற்று. ஜூலை ஒன்றாம் தேதி மறுதேர்வு. பழைய பாடத்திட்டத்தில் அதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் படித்த இரண்டு வருடமும் போய், முதலிலிருந்து சேர வேண்டும். பல்கலைக்கழக நூலகத்திலிருந்த ஒரே பிரதியை அக்கா கடிதம் எழுதி ஒரு மாதத்துக்கு வாங்கிவந்தார். கெடு முடிந்து வெள்ளியன்று திருப்பியும் அனுப்பியாயிற்று.

"அரியரை எப்படி முடிக்கணும்னு பயலுவளுக்குப் பாடம் எடுக்கேன். எனக்கே ஒண்ணு நிக்கிதுன்னு அவனுவளுக்குத் தெரியாது" என்றார் கோமதிசங்கர்.

"தெரிஞ்சா ஃபீஸைத் திருப்பிக் கேப்பானுவ" என்றார் அக்கா.

கோமதிசங்கர் சிரித்தால் முதலில் தோள் குலுங்குகிறது, சத்தம் பிறகு வருகிறது. இதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மாதிரிக்குக் கொஞ்சம் கேட்க வேண்டும் என்று என் போனை வாங்கினார். பக்கத்துப் பொத்தான்களை அழுத்தி, காதருகே வைத்து, கால் மணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டார். "சுத்தமா இருக்கு" என்று திருப்பித் தந்தார். சரிபார்த்து அடுத்த ஞாயிறு தருவதாகச் சொன்னேன்.

பள்ளிப் படியில் இறங்கும்போது சாரல். பையிலிருந்து குடையை இழுத்தேன், கூடவே போன் வந்து இரண்டாம் படியில் விழுந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் திரை கறுப்பு. தொட்டால் லேசாக அதிர்கிறது. அடியிலிருந்து கொசு பறப்பதுபோல ஒரு ரீங்காரம். என் போனில் எல்லாச் சத்தமும் எப்போதும் அடிமட்டத்தில்தான் இருக்கும், என் விஷயம் பக்கத்து இருக்கைக்குக் கேட்கக் கூடாது என்பதால். அதிலும் இப்படியொரு ரீங்காரம் வருகிறதென்றால் ஸ்பீக்கரும் போயிற்று என்று அர்த்தம்.

ஜூன் 15, திங்கள்

பேருந்து நிலையம் எதிரே உள்ள செல்போன் கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விழுந்துச்சா?"

"ஆமா."

"அப்போ டிஸ்ப்ளே. ஸ்பீக்கரும் கொரகொரங்குது. இந்த மாடலுக்குச் சாமான் வெளியூர்லருந்து வரணும். ரெண்டு வாரம் ஆவும். உள்ள உள்ளது தங்குமான்னு நான் சொல்ல மாட்டேன். ஆஃப் மட்டும் பண்ணிராதிய, பெறகு ஏந்திரிக்காது."

"உள்ளே உள்ளதுதான் வேணும்."

"வீட்டுல கம்ப்யூட்டர் உண்டுமா? கேபிளைச் சொருவி எடுத்துருங்க. ரெண்டு நிமிச வேலை."

இணையத்திலுள்ள மேகச் சேமிப்பில் ஒரு பிரதி ஏற்றிவைத்திருக்கலாம். இடம் நிரம்பிவிட்டது என்று மார்ச் மாதத்திலிருந்தே போன் சொல்லிக்கொண்டிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளியது நான்தான்.

சிம்மை எடுத்து அம்மாவின் பழைய பொத்தான் போனில் போட்டுக்கொண்டேன். பரிசோதனை அறையில் இன்று நானூறு நெல்மணிகளை எண்ணி, ஈரத் தாளில் அடுக்கி, சுருட்டி வைத்தேன். ஐந்தாம் நாளும் பதினான்காம் நாளும் முளைத்ததை எண்ண வேண்டும்.

கோமதிசங்கரிடம் சொல்லவில்லை. தேர்வுக்குப் படிக்கிற ஒருவரைக் கலவரப்படுத்துவது சரியில்லை. வேறு காரணம் ஏதுமில்லை.

ஜூன் 16, செவ்வாய்

அண்ணன் அருணாசலம் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கணினியின் மேல் மூன்று வருடமாக ஒரு பழைய சேலை கிடக்கிறது. அதை எடுத்துத் துடைத்து இயக்கினேன். எழுந்துகொள்ளப் பதினொரு நிமிடம் எடுத்தது. இதற்குள் அம்மா ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரித்துவிட்டாள்.

கேபிளைச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. அண்ணனை அழைத்தேன்.

"டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

"அப்போ அது சார்ஜ் மட்டும் ஏத்துத கேபிள். போன் வாங்குன டப்பாவுல ஒண்ணு இருக்கும் பாரு."

டப்பா பரணில் இருந்தது. அதற்குள் கேபிள் புதுசாகவே சுருண்டு கிடந்தது. செருகினேன். டங் என்றது. அவ்வளவு அழகான சத்தத்தை நான் சமீபத்தில் கேட்டதில்லை.

"இப்போ கம்ப்யூட்டர் படத்துல வலது பக்கம் கிளிக் பண்ணு. மேனேஜ்னு வரும். அதுக்குள்ள டிவைஸ் மேனேஜர். என்ன தெரியுது?"

"மஞ்சள் முக்கோணம். உள்ள ஆச்சரியக்குறி."

"அதான். டிரைவர் இல்ல."

"அப்படின்னா?"

"போன் பேசுதது கம்ப்யூட்டருக்குப் புரியல. நடுவுல நின்னு புரியவைக்கதுக்கு ஒரு ஆளு வேணும், அந்த ஆளுக்குப் பேரு டிரைவர். கம்பெனி வெப்சைட்டுல இருக்கும். இறக்கிப் போடு."

"நெட் இல்லையே."

"போன்ல ஹாட்ஸ்பாட் போடு."

"எந்தப் போன்ல?"

"ஆமால்லா" என்றான். பிறகு, "அதுல அப்படி என்னட்டி இருக்கு, இந்தப் பாடு படுத?"

"குழுவுக்கு வாசிச்சது."

"குழுவுக்கா?"

"ஆமா. குழுவுக்கு."

"சரி சரி" என்று அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 17, புதன்

வேலை முடிந்து மாட வீதியிலுள்ள பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆதார் திருத்தத்துக்கு வந்தவர்கள் வரிசையாக நிற்க, நான் மட்டும் பென்டிரைவோடு. தேடியதும் முதலில் வந்ததை இறக்கிக்கொண்டேன். எல்லா டிரைவரும் ஒரே இடத்தில் என்று போட்டிருந்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு புத்தகம் வாசித்து என்ன பயன்.

வீட்டில் அதை நிறுவியதும் கணினியைத் தானாகவே சோதித்து, இருநூற்றுப் பதினான்கு குறைகள் கண்டுபிடித்ததாக அறிவித்தது. திரையின் ஓரத்தில் ஒரு விளம்பர ஒட்டகம் ஓடியது. மூடினால் இன்னொரு ஒட்டகம் வந்தது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இது நல்லாத்தானட்டி இருக்கு. எதுக்கு மூடுத?"

அண்ணன் சொல்லச்சொல்ல அந்த ஒட்டகங்களை ஒழிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. போன் இணைந்திருந்தது, ரீங்கரித்தது, பயனில்லை.

ஜூன் 18, வியாழன்

போன் கம்பெனியின் சொந்தத் தளத்தைக் கண்டுபிடித்து இறக்கினேன். கணினி முப்பத்திரண்டு பிட், கோப்பு அறுபத்துநான்கு பிட், ஒத்துப்போகாது. நாளை மறுபடி போக வேண்டும்.

ஜூன் 19, வெள்ளி

இன்று நிறுவிவிட்டேன்.

பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது. தொண்ணூற்றொன்பதில் நான்கு நிமிடம் நின்றது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, வெற்றிகரமாக நிறுவப்பட்டது. கணினியை ஒருமுறை அணைத்து எழுப்பினேன். மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. என் போனின் பெயர், எண்ணோடு, எழுத்துப் பிசகாமல் திரையில் தெரிந்தது. "அம்மா" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

திறந்தேன். இந்தக் கோப்புறை காலியாக உள்ளது.

அண்ணனை அழைத்தேன். "பயப்படாத. போனுக்கு நீ அனுமதி குடுக்கலன்னா அப்படித்தான் காட்டும். போன் பூட்டைத் திறந்துட்டு, திரையில அனுமதியான்னு கேக்கும், அதைத் தட்டு."

"எந்தத் திரையில?"

"ஆமால்லா" என்றான் மறுபடியும்.

அனுமதிப் பொத்தான் எங்கே இருக்கும் என்று உத்தேசமாகத் தட்டிப் பார்த்தேன். பிறகு கறுப்புக் கண்ணாடியை மனதுக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமாகத் தட்டினேன். தட்டும்போதெல்லாம் அந்தக் கொசு சளைக்காமல் ரீங்கரித்தது.

ஏழு மணிக்குப் பொத்தான் போன் அடித்தது. கோமதிசங்கர்.

"செண்பகவல்லி, அவசரப்படுத்துதேன்னு நினைக்காதிய. சரிபார்ப்பு எதுவரைக்கும் வந்திருக்கு?"

"போய்க்கிட்டிருக்கு."

"எந்த அத்தியாயம்?"

"ஆறு."

"ஆறுல மடை வருதுல்லா? போன தடவை எனக்குப் போனதே அங்கதான். எப்படி எழுதியிருக்காவ?"

அந்த அத்தியாயம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மடைத்தூண், தண்ணீர் இறங்கும் குமிழித் துளை, உள்ளே இறங்கி அடைப்பெடுக்கிற ஆளுக்கு ஊர் தந்த நிலம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே கேட்டுக்கொண்டே போனார். நான் சொன்னது ஒன்றும் பொய்யில்லை, சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைத் தவிர.

பன்னிரண்டு நிமிடம் நாற்பது விநாடி. பொத்தான் போன் அதை எழுதிக் காட்டுகிறது.

ஜூன் 20, சனி

நூலகத்துக்குப் பேசினேன். புதுக் கட்டடத்துக்கு மாறுவதால் புத்தகங்களைச் சாக்கில் கட்டிவிட்டார்களாம். எந்தச் சாக்கில் எது என்று ஜூலை கடைசியில்தான் தெரியும். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை: நானூறில் முந்நூற்று நாற்பத்தெட்டு.

ஜூன் 21, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போகவில்லை. நான்கு மணிக்கு ஜெபக்கனி அக்கா ஒரு ரொட்டிப் பாக்கெட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கணினி முன் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சக்காரி நல்லா இருக்காளே" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டகம் உட்பட. அக்கா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்தார்.

"ஒரு வாரமா மூடி வைச்சிருக்க. இன்னும் பத்து நாள்தான் இருக்கு. முதல் நாளே சொல்லியிருந்தா அவன் வேற வழி பாத்திருப்பான்லா. நான் பாத்திருப்பேன்லா."

"நானே எடுத்துரலாம்னு பாத்தேன்."

"அது சரி. சொல்லதுக்கு என்ன?"

"என்ன நினைப்பாரு?"

"என்ன நினைச்சா ஒனக்கென்ன?"

நான் மறுபடி கண்ணாடியைத் தட்டத் தொடங்கினேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்கென்று வாங்கிவந்த ரொட்டியைத் தானே தின்னத் தொடங்கினார். "ஓ" என்றார், வாய் நிறைய ரொட்டியோடு. அங்கேயே கோமதிசங்கருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார்.

சொன்னேன். கோப்புகள் வெளியே வரவில்லை என்றும், ஆறாம் அத்தியாயத்தைச் சரிபார்க்கவே இல்லை என்றும். அவர் இருந்த டுடோரியலில் யாரோ பெஞ்சை இழுக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்குச் சாயங்காலம் நான் வரலாமா?" என்றார். "அந்தப் போனைக் கையில வாங்கிப் பாக்கணும்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 22, திங்கள்

ஐந்தரைக்கு வந்தார்கள். அக்கா வண்டி ஓட்ட, அவர் பின்னால். அம்மாவுக்கு நேற்றே சொல்லியிருந்தேன். அவள் வாசலைக் கழுவி, ஹாலில் கிடந்த என் புத்தகங்களையெல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள்.

"வாங்க தம்பி. படி ஒண்ணு இருக்கு, பாத்து" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்தாள்.

"பாத்துட்டேன் அம்மா" என்றார், படியைக் கோலால் தட்டி. அம்மா அந்த நொடியிலேயே அவர் பக்கம் போய்விட்டாள் என்று நினைக்கிறேன்.

நான் வரிசையாக விளக்கினேன்: கேபிள், முக்கோணம், முப்பத்திரண்டு பிட், நிறுவியது, காலிக் கோப்புறை. வழக்கில் என் தரப்பைச் சொல்வதுபோல இருந்தது எனக்கே. அவர் முழுதும் கேட்டார்.

"சரி. போன் எங்க?"

கேபிள் மாட்டியபடியே அதை அவர் கையில் வைத்தேன். விரல் பட்டதும் கொசு ரீங்கரித்தது. அவர் முகம் மாறியது. போனைக் காதோடு ஒட்டி வைத்தார். விரலை மெல்ல நகர்த்தினார். ரீங்காரம் நின்று, மறுபடி வந்து, மறுபடி நின்றது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"என்ன?" என்றேன்.

"இது பேசுது."

"யாரு?"

"போன்தான். தமிழ்லயே பேசுது. யூ.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஆகிறது, பிற விருப்பங்களுக்கு இருமுறை தட்டவும். எட்டு நாளா இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்திருக்கும், பாவம்."

யாருக்கும் புரியவில்லை. அவருக்குச் சிரிப்பு அடங்கவும் நேரமானது. பதினான்காம் தேதிக் கூட்டத்தில் மாதிரி கேட்பதற்காக என் போனில் பேசும் வசதியைப் போட்டிருக்கிறார். போட்டதும் திரையை மறைத்துவிடுவது அவர் வழக்கம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பார். தனக்குத் திரை எதற்கு. திருப்பித் தரும்போது இரண்டையும் எடுத்துவிட மறந்துபோனார். அந்த வசதி இருக்கும்போது நாம் தட்டுகிற மாதிரி ஒருமுறை தட்டினால் எதுவும் திறக்காது, பெயரைத்தான் சொல்லும். ஆக, படியில் விழுந்ததால் என் போனுக்கு எதுவுமே ஆகவில்லை.

"தப்பு என்மேல. மன்னிச்சிக்கிடணும்" என்றார், இப்போது சிரிப்பில்லாமல்.

"பேச்சா அது?" என்றாள் அம்மா. "கொசுல்லா கத்துது."

"அது நான் வைச்ச வேகம், அம்மா. மெதுவாப் பேசினா எனக்குத் தூக்கம் வந்துரும்."

"அப்போ நான் வாசிச்சது?" என்று கேட்டுவிட்டேன். நாற்பது மணி நேரம், அவ்வளவு நிதானமாக.

"அது வேற" என்றார்.

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு தண்ணீர் கேட்டார்.

பூட்டைத் திறக்க என் இரகசிய எண் வேண்டும். அவர் அதைக் கேட்கவில்லை. போனின் பேச்சு வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டி, என் கையில் கொடுத்தார். "விரலை எடுக்காம மெதுவா நகட்டுங்க. எண்ணைச் சொல்லும். வேணும்ங்கிற எண்ணு வந்ததும் ரெண்டு தட்டு." திரை கறுப்பாகவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன், அதுதான் எளிதாக இருந்தது. மூன்று என்றது, இரண்டு தட்டு. எண்ணையும் உரக்கச் சொல்லிவிட்டது அந்தப் போன். என் இரகசிய எண் இப்போது மூன்று பேருக்குத் தெரியும். பூட்டு திறந்தது. கோப்புப் பரிமாற்றம் என்றது. இரண்டு தட்டு. அனுமதி என்றது. இரண்டு தட்டு.

டங்.

கணினியில் கோப்புறை திறந்தது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை, வரிசையாக. அம்மா திரையில் விரல் வைத்து எண்ணினாள். எண்ணி முடித்து மறுபடி ஒருமுறை எண்ணினாள்.

"முதல் நாளே சொல்லியிருந்தா ஒரு நிமிச வேலை" என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

"அப்பவும் கம்ப்யூட்டருக்கு டிரைவர் வேணும்லா அக்கா" என்றார் கோமதிசங்கர். "அதை அவங்க போட்டு வைச்சதாலதான் இப்போ தெரியுது. நான் போனோட வாயை அடைச்சேன், அவங்க கம்ப்யூட்டரோட காதைத் திறந்துவைச்சாவ."

மெமரி கார்டில் ஏறி முடிய இருபத்தாறு நிமிடம். சரிபார்க்க இனி நேரமில்லை. பிழை இருக்கும் என்றேன். நான் பாத்துக்கிடுதேன் என்றார். அவர் போகும்போது திரையைத் திரும்ப வரவழைத்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் கண் கூசியது. சிம்மை எடுப்பதற்குள் வந்த அறுபத்தெட்டுச் செய்திகள் காத்திருந்தன. ஒன்றையும் திறக்கத் தோன்றவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

அண்ணனுக்குச் சொன்னேன். பத்து நிமிடம் சிரித்தான். பிறகு, "குழுவுக்கு நல்லபடியாப் போய்ச் சேந்துச்சா?" என்று கேட்டான். வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வெள்ளி

அவர் அழைத்தார். நூற்று எண்பத்தாறாம் பக்கத்துப் படத்தில் தூணின் தலையில் ஒரு துவாரம் என்று சொல்லியிருக்கிறேனாம். துவாரம் வானத்தைப் பார்த்தா, குளத்தைப் பார்த்தா? குளத்தைப் பார்த்து என்றேன். தினமும் இரண்டு முறை இப்படி அழைப்பு. தினமும் நியாயமான சந்தேகம்தான்.

ஜூன் 29, திங்கள்

பதினான்காம் நாள் எண்ணிக்கை: நானூறில் முந்நூற்று எழுபத்தொன்பது. அக்கா பதிவேட்டில் எழுதிவிட்டு, "இந்தத் தொகுதி பாஸ்" என்றார். மற்றதற்கு நாளை மறுநாள்.

ஜூலை 1, புதன்

முளைப்புத் தாள் தீர்ந்துகொண்டிருந்தது. அது திருநெல்வேலியில்தான் கிடைக்கும். அதனால் இன்று போனேன். கடை, தேர்வு நடந்த கல்லூரிக்கு அருகில் இருந்தது. அருகில் என்றால் ஆட்டோவில் பத்து நிமிடம்.

ஒரு மணிக்குத் தேர்வு முடிந்தது. பார்வையற்றவர்களுக்குக் கூடுதல் நேரம் உண்டு என்பதால் அவர் வர ஒன்றே முக்கால் ஆனது. வேப்ப மரத்தடியில் நின்றேன். சொல்ல வந்ததை மூன்று விதமாகத் தயார்செய்து வைத்திருந்தேன். அவருக்காகத் தேர்வு எழுதிய கல்லூரி மாணவியோடு படி இறங்கி வந்தார். அந்தப் பெண்ணின் கையெல்லாம் நீல மை.

"கோமதிசங்கர்" என்றேன்.

அவர் நின்றார். "முப்பத்தொரு கோப்பு" என்றார். "நீங்க எங்க இங்கன?"

"தாள் வாங்க வந்தேன். கம்பெனிக்கு."

"நல்ல தாளா?"

"ஆமா."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள். "அக்கா, சார் பரீட்சை எழுதும்போது நடுநடுவே சிரிச்சாவ. சூப்பர்வைசர் ரெண்டு மட்டம் வந்து பாத்துட்டுப் போனாரு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

"ஏன் சிரிச்சீங்க?"

"மடையில பதினஞ்சு மார்க்கு கேள்வி வந்துட்டு. குளம் தூர்ந்துபோனதுக்கு அஞ்சு காரணம். நாலு வந்துச்சு, மூணாவது வரல. யோசிச்சேன். அப்போ உங்க அம்மா குரல் கேட்டுச்சு, பால் பொங்குது பாருட்டின்னு. அதுக்கு அடுத்த வரிதான் மூணாவது காரணம். சிரிக்காம என்ன செய்ய?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "அதெல்லாம் உள்ள இருக்கா?"

"எல்லாம் இருக்கு. ரெண்டாம் அத்தியாயத்துல மீன்காரர் வாராரு. பதினொண்ணுல குக்கர் மூணு விசில் அடிக்கும், ரெண்டாவது விசிலுக்கும் மூணாவதுக்கும் நடுவுல சாசனத்தோட வருஷம். இருபத்திரண்டுல உங்களுக்கு ஜலதோஷம். எனக்குப் பக்கம் கிடையாது பாத்தியளா, புரட்டிப் பாக்க. இதுதான் பக்கம்."

"சரிபார்த்திருந்தா எல்லாத்தையும் வெட்டியிருப்பேன்."

"வெட்டியிருந்தா நான் ஃபெயில்" என்றார்.

நான் தயார்செய்து வைத்திருந்த மூன்றையும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். ஹோட்டலில் நல்ல கூட்டம். இரண்டு சாப்பாடு, ஒரு எக்ஸ்ட்ரா அப்பளம். தென்காசி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டேன். ஆலங்குளம் தாண்டும்போதுதான் கவனித்தேன், வாங்க வேண்டியதில் பாதிதான் வாங்கியிருக்கிறேன்.

ஜூலை 2, வியாழன்

அக்கா தாள் கட்டைத் தூக்கிப் பார்த்தார். "இதுக்கா ஒரு நாள் லீவு?" என்றார். கட்டை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

அறுபத்தேழு.

முடிவு வெள்ளியன்றே வந்துவிட்டது. அழைத்து எண்ணை மட்டும் சொன்னார். நான் "ஆ" என்றேனாம்; அவர் பிறகு சொல்லிக்காட்டினார். அவர் எம்.ஏ. முடித்துவிட்டார். அதை நினைத்துக்கொண்டு அன்று இரண்டு தட்டு நெல்லைத் தப்பாக எண்ணினேன்.

இன்று வீட்டுக்கு வந்தார், அரைக் கிலோ மைசூர்பாகோடு. பஸ்ஸில் தனியாக வந்து, தெருமுனையில் விசாரித்து, தானாக வந்தார். அம்மாவிடம் பாலைப் பற்றிச் சொன்னார்.

"அப்போ அந்தப் பதினஞ்சுல எனக்கும் பங்கு உண்டுல்லா?" என்றாள் அம்மா.

"மூணு மார்க்கு உங்களுது, அம்மா."

அம்மா அதை இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் சொல்லப் போய்விட்டு, அரை மணி நேரம் கழித்துத்தான் வந்தாள்.

அவர் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து என்னிடம் தந்தார். நாவல். வாங்கிப் பின்னால் திருப்பிப் பார்த்தேன்: ஆயிரத்து நூற்று நான்கு பக்கம்.

"இது எந்தப் பரீட்சைக்கு?"

"பரீட்சை இல்ல. சும்மா கேக்கத்தான்."

"ரெக்கார்ட் பண்ணி முடிக்க ஆறு மாசம் ஆகும். அந்தக் கணினி வேற சில நாள் எழும்ப மாட்டேங்குது."

"ரெக்கார்ட் பண்ண வேண்டாம்" என்றார். "போனும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். நான் வந்து கேக்கேன்."

நான் புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். புதுப் புத்தகம், ஒட்டு இன்னும் இறுக்கமாக இருந்தது.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாரம் ஒருக்காவா, தெனமுமா தம்பி? காப்பிப்பொடி அதுக்குத் தக்கன வாங்கணும்லா."

நான் முதல் பக்கத்தைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே இரண்டு முறை தடுக்கி, மூன்றாம் முறைதான் ஒழுங்காக வந்தது.